லா அர்ஜெந்தினா

கலைவல்லார் பலருள்ளும் நாட்டியம் வல்லாரது நிலையே பெரிதும் இரங்கத்தக்கது. புலவன் மறைந்தபின் அவன் பாடல் ஏட்டில் நிற்கின்றது. சிற்பி மறைந்தபின் அவன் வடித்த கல் நிற்கின்றது. இசைவாணன் இயற்றிய உருப்படிகளைப் பிறர் பாடிக் காக்கின்றனர். நாட்டியம் வல்லாருக்கோ அவரது உடலே ஏடும் கல்லுமாம். அவ்வுடல் வீழ்ந்த அன்றே அவர் கலையும் உடன் வீழ்கின்றது. கண்டவர் நெஞ்சில் சிலகாலம் நிழலாடிப் பின்னர் அதுவும் மறைகின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆடிப் புகழெய்திய ஸ்பெயின் தேசத்து நடனமாது அந்தோனியா மெர்ஸே என்பாரின் வரலாறு, இவ்வுண்மையை ஒருபால் மெய்ப்பிப்பதும் மற்றொருபால் மறுப்பதும் ஆகும். லா அர்ஜெந்தினா என்னும் மேடைப்பெயராலேயே அவர் உலகிற்கு அறிமுகமாயினார்.

அப்பெயர் வந்த காரணம் வேடிக்கையானது. அவர் பெற்றோர் இருவரும் ஸ்பானியர். தந்தை மனுவேல் மெர்ஸே காஸ்டீல் நாட்டினர். தாய் ஹோசேபா லூக்கே அந்தலூஸியாவிலுள்ள கோர்தோவா நகரத்தினர். இருவரும் நடனத்தையே தொழிலாகக் கொண்டவர். அவர்கள் தென் அமெரிக்காவிற்கு ஆடச் சென்றிருந்த காலத்தில், அர்ஜெந்தினா நாட்டுத் தலைநகரான போனஸ் ஏரிஸில், 1890-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இக்குழந்தை பிறந்தது. நடைபயிலும் பருவத்திலேயே குழந்தை ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆயினும் பிறந்த மண்ணின் பெயர் வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டது. ஸ்பானிய நடனத்தின் உருவமே இவர் என்று உலகம் போற்றிய ஒருவருக்கு வேறொரு நாட்டின் பெயர் வாய்த்தது விந்தையன்றோ! இதே நகரில் 1898-இல் பிறந்த என்கார்னஸியோன் லோபெஸ் என்னும் மற்றொரு நடனமாது, முன்னவரினின்றும் தம்மைப் பிரித்தறியும் பொருட்டு, சிறிய அர்ஜெந்தினா எனப் பொருள்படும் லா அர்ஜெந்தினித்தா என்ற பெயரைப் பூண்டனர். அவரும் சிறந்த கலைவாணியே. இருவரையும் ஒருவராக மயங்கி எழுதுவார் இன்றும் உளர். படிப்பவர் விழிப்பாயிருத்தல் நலம்.

சிறுமி அந்தோனியா பெற்றோரிடமே பாலே என்னும் ஐரோப்பிய அரங்க நடனத்தைப் பயின்றாள். பயிற்சி கடுமையானது. ஒன்பதாம் வயதில் மேடையேறினாள். பதினோராம் வயதில் மாட்ரிட் நகரின் அரச இசைநாடகசாலையில் முதல் நடனமாதாக அமர்ந்தாள். நம் நாட்டுச் சிறுமியர் பள்ளியில் கணக்குப் பயிலும் வயதில், நாட்டின் தலைமையான நாடகசாலையில் தலைமையான இடம்! பொருளும் பெருமையும் தேடிவந்த நிலை அது. வேறொருவராயின் அவ்விடத்திலேயே வேரூன்றி முதுமையடைந்திருப்பர். அந்தோனியாவோ பதினான்காம் வயதில் அதனை உதறிவிட்டாள். தன் நாட்டு மக்கள் தெருவிலும் திருவிழாவிலும் ஆடும் ஆட்டங்களைத் தாயிடம் கற்கப் புகுந்தாள்.

இம்முடிவின் துணிவை உணரவேண்டுமாயின், அந்நாளில் அவ்வாட்டங்களுக்கிருந்த மதிப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஸ்பெயினின் தென்பகுதியாகிய அந்தலூஸியாவில் வாழும் ஜிப்ஸிகளிடையே வளர்ந்தது பிளமெங்கோ என்னும் கலை. இந்த ஜிப்ஸிகளின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்குப் பகுதியினின்றும் புறப்பட்டவர் என்பதை மொழிநூலார் நிறுவியுள்ளனர். நீரைப் பானி என்றும், மூக்கை நாக் என்றும் வழங்கும் அவர்கள் மொழியே அதற்குச் சான்று. பாரசீகமும் கிரேக்கமும் கடந்து, பதினைந்தாம் நூற்றாண்டில் அவர்கள் ஸ்பெயினை அடைந்தனர். அங்கே அரேபியர், யூதர், அந்தலூஸிய உழவர் ஆகியோரின் இசைமரபுகளுடன் கலந்து உருவாயதே பிளமெங்கோ. பாட்டு, கித்தார் வாசிப்பு, ஆட்டம் என்னும் மூன்றும் அதன் உறுப்புகள். அவற்றுள் பாட்டே தலைமையானது. அதுவும் பெரும்பாலும் துயரப்பாட்டு. ஆடுவோர் குதிகாலாலும் முன்பாதத்தாலும் தரையை அறைந்து தாளமெழுப்புவர். கைகளோ தலைக்குமேல் கொடிபோல் மெல்லென வளைந்து நெளியும். காலில் இடியும் கையில் தென்றலும் என்னலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலை செவில் முதலிய நகரங்களின் பாட்டு விடுதிகளிற் குடிபுகுந்தது. மது அருந்துவோர் முன்னிலையில் இரவெல்லாம் நடக்கும் ஆட்டமாதலின், மானமுள்ள குடும்பத்தினர் அதனைப் பார்க்கவும் நாணினர். ஆடும் பெண்டிரைப் பற்றிய பேச்சும் இழிவாகவே இருந்தது. அரச நாடகசாலையின் முதல் நடனமாது இத்தகைய கலையை நாடினாள் எனின், ஊரார் நகைத்திருப்பர் என்பதிற் சந்தேகமில்லை.

நகைப்பு மாத்திரமன்று, வறுமையும் உடன்வந்தது. நாட்டுநடனத்தை ஓர் உயர்ந்த அரங்கக்கலையாக ஆடிக்காட்ட அவர் விரும்பினார். அதனைக் காண விரும்புவோர் ஸ்பெயினில் இல்லை. ஆகவே பல ஆண்டுகள் சிற்றரங்குகளிலும், பாடகர், விகடர், வித்தை காட்டுவோர் ஆகியோரிடையே களியாட்டு மன்றங்களிலும் சில நிமிஷங்கள் ஆடிப் பிழைக்க வேண்டியதாயிற்று. 1910-ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் மாநகர் அவரைக் கண்டுகொண்டது. சொந்த நாட்டார் போற்றாத கலையை அயல்நாட்டார் போற்றியபின் வீட்டாரும் போற்றத் தொடங்குவது புதிதன்று.

அவர் வாழ்க்கையில் ஒரு துயரநிழல் 1916-இல் விழுந்தது. ஸ்பெயினின் சிறந்த இசைவாணருள் ஒருவரான என்ரீகே கிரனாதோஸ், தமது கோயெஸ்காஸ் என்னும் இசைநாடகம் அரங்கேறுவதன் பொருட்டு அவ்வாண்டு நியூயார்க்கிற்குச் சென்றிருந்தார். அங்கிருந்த அர்ஜெந்தினாவின் ஆட்டத்திற்கென்றே பச்சைக் கண்களின் நடனம் என்னும் உருப்படியை இயற்றியளித்தார். பெப்ரவரித் திங்களில் அது ஆடப்பெற்றது. அமெரிக்க ஜனாதிபதி வில்ஸன் முன்னிலையில் வாசிக்க அழைக்கப்பட்டமையால் கிரனாதோஸின் ஊர்திரும்பும் பயணம் தாமதித்தது. பின்னர்ப் புறப்பட்டு இங்கிலாந்தை யடைந்து, அங்கிருந்து ஸஸ்ஸெக்ஸ் என்னும் கப்பலில் கால்வாயைக் கடக்கையில், மார்ச்சு 24-ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலால் மனைவியுடன் கடலில் மாண்டார். அர்ஜெந்தினா பிற்காலத்தில் ஆடிய நிகழ்ச்சிகளில் கிரனாதோஸின் ஸ்பானிய நடனங்களுள் ஐந்தாவது தவறாது இடம்பெற்றதன் காரணத்தை யாரும் எளிதில் ஊகிக்கலாம்.

இனி அவர் கைக்கருவியைப் பற்றிச் சொல்லாமல் மேற்செல்லல் ஆகாது. காஸ்டனெட் என்பது கடினமான மரத்தைச் சிப்பிபோற் குடைந்து, இரண்டிரண்டாகக் கயிற்றாற் கோத்த தாளக்கருவி. நம் பஜனைக்கூடங்களில் ஒலிக்கும் சிப்ளாக்கட்டையை நினைவூட்டுவது, ஆயினும் உருவிற் சிறியது, உள்ளங்கையில் அடங்குவது. கயிற்றைப் பெருவிரலில் மாட்டிக்கொண்டு ஏனைய விரல்களால் தட்டுவர். இடக்கையிலுள்ளது கனத்த ஒலியுடையது. அதனை ஆண் என்பர். வலக்கையிலுள்ளது மெல்லிய உயர்ந்த ஒலியுடையது. அதனைப் பெண் என்பர். இடக்கை தாளத்தின் அடியை நிறுத்த, வலக்கை நான்கு விரல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிக் குறுநடை பயிலும். ஜிப்ஸிகளின் பழைய பிளமெங்கோவில் இதற்கு அதிக இடமில்லை. அவர்கள் கைகொட்டலும் விரற்சொடுக்குமே போதுமென்றிருந்தனர். பொலேரோ முதலிய அரங்க ஆட்டங்களிலேயே இது மிகுதியாக வழங்கியது. அங்கும் ஓயாமல் கடகடவென்று காதைத் துளைப்பதாகவே இருந்தது.

அக்கரகரப்பைச் சிறுவயது முதலே வெறுத்த அர்ஜெந்தினா, தம் செவிக்கு இனிய ஒலி தரும் கருவிகளைத் தனியே செய்வித்துக்கொண்டார். விரலின் அழுத்தத்தாலும், உள்ளங்கையைக் குவித்தும் விரித்தும், ஒலியைப் பெருக்கவும் குறைக்கவும் பயின்றார். கேட்டவர் கூறியவற்றிலிருந்து, சிலபோது அது மழைத்துளி இலைமீது வீழ்வதுபோலவும், சிலபோது தொலைவிற் குதிரை ஓடுவதுபோலவும் இருந்தது என்று அறிகிறோம். வெறுந்தாளமாயிருந்ததை ஒரு வாத்தியமாக உயர்த்தியவர் இவரே. இசைத்தட்டுகளிலும் அவர் காஸ்டனெட் வாசிப்புப் பதிவாகியுள்ளது. அவர் விரல்கள் பேசுவதை இன்றும் கேட்கலாம்.

அவருடைய பெரும்புகழுக்கு வாயிலாக அமைந்தது மனுவேல் தெ ஃபாயா என்னும் இசைமேதையின் எல் அமோர் புரூஹோ என்னும் நாட்டிய நாடகம். மாயக்காதல் என்று அதனைத் தமிழ்ப்படுத்தலாம். 1915-இல் மாட்ரிட் நகரில் பாஸ்தோரா இம்பேரியோ என்னும் ஜிப்ஸி நடனமாதுக்காகப் பேச்சும் பாட்டும் கலந்து முதன்முதல் இயற்றப்பெற்றபோது அது சிறப்பெய்தவில்லை. ஃபாயா மனந்தளராது அதனைத் திருத்தித் திருத்தி, பெரிய வாத்தியக்குழுவிற்குரிய நாட்டிய நாடகமாக்கினார். கதை எளியது. காந்தேலாஸ் என்னும் ஜிப்ஸிப் பெண்ணைக் காதலித்து வஞ்சித்த ஒருவன் இறந்துபோகிறான். இறந்தும் விடுகிறானில்லை, கார்மேலோ என்னும் நல்லிளைஞன் அவளை அணுகுந்தோறும் அவ்வாவி இடையே வந்து நிற்கிறது. நள்ளிரவில் தீவளர்த்து அவள் பேயோட்டும் சடங்கு நடனம் ஆடியும் பயனில்லை. ஈற்றில் லூஸியா என்னும் தோழி அவ்வாவியைத் தன் அழகால் மயக்கி வேறுபுறம் இழுக்க, காதலர் இருவரும் முத்தமிட்டுக்கொள்கின்றனர், ஆவி அழிகிறது, விடியற்கால மணிகள் ஒலிக்கின்றன. வாழும்போது பெண்பித்தனாயிருந்தவன் செத்தும் அப்புத்தி மாறானாய் அதனாலேயே அழிந்தான் என்பது கதையிலுள்ள நகைச்சுவை.

1925-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் பாரிஸ் நகரின் திரியானோன் லிரீக் அரங்கில் அர்ஜெந்தினா இந்நாடகத்தை அமைத்துக் காந்தேலாஸாக ஆடினார். விஸெந்தே எஸ்குதேரோ என்பவர் கார்மேலோவாக ஆடினார். வெற்றி பெரிது. ஃபாயாவின் இசை முதற்கண் வேறொருவர் பொருட்டு எழுந்ததாயினும், அதற்கு நிலைத்த உருவத்தைக் கொடுத்தவர் இவர் என்பதே என் கருத்து. 1934-இல் மாட்ரிட் நகரில் இதனை மீண்டும் அரங்கேற்றியபோது, முதலில் ஆடிய பாஸ்தோரா இம்பேரியோவையே அழைத்துத் தம்முடன் ஆடச்செய்தார். புகழின் உச்சியிலிருந்தவர் தமக்கு முன்னோடியாயிருந்தவரை அதே மேடையில் நிறுத்திப் பெருமைசெய்தது அவர் பண்பைக் காட்டும்.

1927-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஸ்பானிய பாலே என்னும் சொந்தக் குழுவொன்றை நிறுவினார். ருஷ்யத் தேசத்து தியாகிலெவ் என்பார் தம் நாட்டு இசைவாணர், ஓவியர், நடனக்காரர் ஆகியோரை ஒருங்கு கூட்டிப் புதுமை செய்ததை அவர் கண்டிருந்தார். அதனைத் தம் நாட்டிற்கும் செய்ய விழைந்தார். எர்னெஸ்தோ ஹால்ப்டர், குஸ்தாவோ துரான், ஹூலியான் பௌதிஸ்தா, ஓஸ்கார் எஸ்பிளா முதலிய இளம் இசைவாணர் அவருக்காக எழுதினர். நிகரகுவா நாட்டுக் கவிஞர் ரூபேன் தாரியோவின் பாடலொன்றைத் தழுவியது ஸோனாதினா. எண்ணெய் விளக்கொளியில் நடக்கும் கூத்தைக் காட்டியது எல் பந்தாங்கோ தெ காந்தீல். அதன் கதையை அமைத்தவர் ரீவாஸ் ஷெரீப் என்பவர். 1929-இல் பாரிஸின் ஓபெரா கோமிக் அரங்கில் ஆடப்பெற்ற திரியானா, அல்பேனிஸின் இசையில் செவில் நகரத்து ஜிப்ஸிச் சேரியை மேடையேற்றியது.

எனினும் குழுநடனத்திலும் மேலாக அவருக்குப் புகழ்தந்தது தனிநடனமே. ஒரு பியானோ, ஒரு திரை, ஒரு பெண். இவ்வளவே மேடை. மாலை முழுதும் பத்துப்பன்னிரண்டு உருப்படிகளை அவர் ஒருவரே ஆடுவார். ஒவ்வொன்றிற்கும் ஆடை வேறு, நடை வேறு, முகம் வேறு. லா கோரீதா என்பதில் காளைப்போர்க் களத்தின் வீரமும் செருக்கும் அவர் ஒருவர் உடலிலேயே தோன்றும். லாகர்தெரானா என்பதில் கனத்த பாவாடைகள் அணிந்த நாட்டுப்புறப் பெண்ணாக அவரே நிற்பார். 1928 நவம்பரில் நியூயார்க்கின் டவுன் ஹால் மன்றத்தில் இவ்வாறு ஆடியபோது அந்நகரம் அவர் வயமாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நகரில் அவரை அதிகமாய்க் கவனித்தாரிலர்.

அவரைக் குறைகூறுவோரும் இருந்தனர், இருக்கின்றனர். ஜிப்ஸிகளின் காட்டுத்தீயை அவர் பளிங்குக் கூண்டினுள் விளக்காக வைத்துவிட்டார் என்பது அவர்கள் வாதம். கித்தாரை விடுத்துப் பியானோவைக் கொண்டது, நேரத்திற்கேற்பக் கற்பித்து ஆடுவதை விடுத்து முன்னரே அளந்து அமைத்தது ஆகிய இவையெல்லாம் பிளமெங்கோவின் உயிரைக் குறைத்தன என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. அவருக்குப்பின் தோன்றிய கார்மன் ஆமாயாவின் ஆட்டத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் வெறியும் வேகமும் அர்ஜெந்தினாவிடம் இருந்திரா. ஆயினும் கூண்டு அமைத்தவர் இல்லையேல், காற்று மிகுந்த வெளியிடங்களுக்கு அவ்விளக்கைக் கொண்டுசென்றிருத்தல் இயலுமோ? குடிக்கும் விடுதியில் நாணத்துடன் ஒளிந்திருந்த கலையை உலகின் சிறந்த அரங்குகளுக்கு உரியதாக்கியவர் அவரே. பின்வந்தோர் ஆடிய மேடைகளில் பல அவர் திறந்துவைத்தவை.

ஸ்பெயின் அவரை உரிய முறையிற் போற்ற நெடுங்காலமாயிற்று. 1931-ஆம் ஆண்டு ஏப்ரலில் முடியாட்சி நீங்கிக் குடியாட்சி மலர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கத் தலைவர் மனுவேல் அஸாஞா, மாட்ரிட் நகரின் ஸ்பானிய நாடக அரங்கிலேயே, கத்தோலிக்க இசபெல்லா விருதின் பட்டத்தை அவருக்கு அணிவித்தார். குடியரசு அளித்த முதல் விருது அதுவே. கவிஞர் பெதரீகோ கார்ஸியா லோர்கா அதற்கு முன்னரே நியூயார்க்கில் அவரைப் புகழ்ந்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்தியிருந்தார். பாட்டு விடுதிகளில் பிழைத்தவர், தம் நாட்டின் புதிய நாளுக்கு ஓர் அடையாளமாயினார்.

அந்நாள் நீடிக்கவில்லை. 1936-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் அர்ஜெந்தினா ஸான் ஸெபாஸ்தியான் நகருக்குச் சென்று, பாஸ்க் மக்கள் தமக்காக ஆடிக்காட்டிய நாட்டுநடனங்களைக் கண்டு மகிழ்ந்தார். பிறகு எல்லை கடந்து, பிரான்ஸிலுள்ள பயோன் நகர்ப்புறத்துத் தம் இல்லத்திற்குத் திரும்பினார். அன்று மாலையே திடீரென்று இதயம் நின்று உயிர்துறந்தார். வயது நாற்பத்தைந்து. முதல்நாள் மொராக்கோவில் மூண்ட படைத்தலைவர்களின் கலகம் ஸ்பெயின் முழுதும் பரவிய நாளும் அதுவே. உள்நாட்டுப்போர் தொடங்கியதை அவர் முற்ற உணர்ந்தாரோ இல்லையோ! மறுநாள் பத்திரிகைகளுக்கு ஒரு நடனமாதின் மறைவைப்பற்றி விரிவாக எழுத இடமேது?

அவரைச் சூழ்ந்திருந்த கூட்டம் சிதறிய கதை கொடியது. லோர்கா ஏறத்தாழ ஒரு மாதத்தில் கிரனாதா நகருக்கருகே சுட்டுக்கொல்லப்பட்டார். துரான் இசையை விடுத்துக் குடியரசுப் படையில் தலைவராகிப் போரிட்டுப் பின்னர் நாடுதுறந்தார். ரீவாஸ் ஷெரீப் சிறைப்பட்டார். எஸ்பிளா பெல்ஜியத்திலும், பௌதிஸ்தா அர்ஜெந்தினாவிலும் அடைக்கலம் புகுந்தனர். ஃபாயாவும் 1939-இல் அர்ஜெந்தினாவிற்கே சென்று, 1946-இல் அங்கேயே காலமானார். அந்தோனியாவின் பெயரிலிருந்த நாடு அவர் நண்பர்களுக்குப் புகலிடமாயிற்று. ஸ்பெயினில் எஞ்சியிருந்தோருக்கு, குடியரசின் முதல் விருதைப் பெற்ற ஒருவரை உரக்கப் புகழ்வது எளிதாயிருக்கவில்லை. அவருடைய கடிதங்களும் நிகழ்ச்சித்தாள்களும் நிழற்படங்களும் பிற்காலத்தில் மாட்ரிட் நகரத்து ஹுவான் மார்ச் நிலையத்தை அடைந்து, இன்று ஆராய்வோருக்குப் பயன்படுகின்றன.

இங்கே ஜப்பானுக்குத் திரும்புவோம். 1929-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து பசிபிக் பெருங்கடலைக் கடந்து டோக்கியோ சென்ற அர்ஜெந்தினா, அந்நகரின் இம்பீரியல் அரங்கில் ஆடினார். மேல்மாடியில் அமர்ந்து கண்டவருள் ஒருவர் கஸுவோ ஓனோ என்னும் மாணவர்; உடற்பயிற்சிக் கல்லூரியிற் பயின்றுவந்தவர். பின்னர் இவர் கிறிஸ்தவராகி, யோக்கஹாமா நகரத்து மிஷன் பள்ளியொன்றில் உடற்பயிற்சி ஆசிரியராய் நெடுங்காலம் பணிபுரிந்தார், நடனமும் பயின்றார். சீனாவிலும் நியூகினியாவிலும் ஒன்பதாண்டுகள் போர்ச்சேவையிலும் சிறையிலும் கழித்து மீண்டார். இத்தனைக்கும் இடையில் அந்த ஒரு மாலைக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. முதுமையில் மேடையை விட்டு விலகியிருந்த நாளில், ஓவியக்காட்சி ஒன்றில் நாக்கநிஷி என்பார் தீட்டிய ஓவியத்தைக் கண்டபோது, அதில் அர்ஜெந்தினாவே ஆடுவதாக அவருக்குத் தோன்றிற்று. 1977-ஆம் ஆண்டு நவம்பரில், எழுபத்தோராம் வயதில், பெண்ணுடையும் பூவணிந்த தொப்பியும் பூண்டு, லா அர்ஜெந்தினாவைப் போற்றி என்னும் நடனத்தை ஓனோ டோக்கியோவில் ஆடினார். அது அவருடைய அடிவைப்புகளின் பிரதியன்று, ஸ்பானிய நடனமுமன்று. ஜப்பானிய பூட்டோ முறையில், நாற்பத்தெட்டு ஆண்டுகளாக ஒரு மனிதர் உள்ளத்தில் காத்துவைத்திருந்த ஒரு பெண்ணின் அசைவு அது. 1980-இல் பிரான்ஸு தேசத்து நான்ஸி நகர விழாவிலும், பின்னர்ப் பல நாடுகளிலும் அதனை அவர் ஆடினார். நூற்றுமூன்றாண்டு வாழ்ந்து 2010-இல் அவர் மறையுமளவும் அவர் பெயருடன் அந்நடனமே இணைத்துப் பேசப்பட்டது.